விறைத்த காலும் விழித்த மூளையும்

இன்று போலந்து நாட்டில் வ்ரோத்சுவாஃப் என வழங்கும் நகரம் 1945 வரை ஜெர்மனியின் பிரெஸ்லாவ் ஆக இருந்தது. நரம்பியல் வரலாற்றில் அந்நகருக்குத் தனி இடம் உண்டு. ஓட்ஃப்ரிட் ஃபொர்ஸ்டர் (1873-1941) என்னும் மருத்துவர் அங்கிருந்துதான் இரண்டு பெரும் பணிகளைச் செய்தார். ஒன்று, விறைத்துப்போன கால்களைத் தளர்த்துவதற்காக முதுகெலும்புக்குள் நுழைந்து நரம்பு வேர்களை வெட்டும் முறை. மற்றொன்று, விழித்திருக்கும் நோயாளியின் மூளைப் பரப்பை மின்சாரத்தால் மெல்லத் தூண்டி, எந்த இடம் எந்த உறுப்பை ஆள்கிறது என்று படம் வரையும் முறை. முன்னது காலுக்கான வைத்தியம். பின்னது மூளையைப் பற்றிய ஆராய்ச்சி. ஒரே மனிதரிடம் இருந்த இவ்விரு பணிகளும் ஒன்றையொன்று சந்திப்பதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின.

தண்டுவடம் முறிந்தவரை அருகிருந்து பார்த்தறியாதோர், அவருடைய கால்கள் துணிபோலத் துவண்டு கிடக்கும் என்றே எண்ணுவர். முதல் சில வாரங்களுக்கு அது உண்மைதான். மரத்திலிருந்து விழுந்தோ வண்டி கவிழ்ந்தோ கழுத்தில் அல்லது மார்புப் பகுதியில் தண்டுவடம் நசுங்கியவரின் கால்கள் முதலில் உயிரற்றவை போலவே கிடக்கும். பின்னர் மெல்ல மெல்ல அவற்றுக்கு வேண்டாத ஓர் உயிர் வரும். போர்வை பட்டால் போதும், முழங்கால் மடங்கி வயிற்றோடு ஒட்டிக்கொள்ளும். சக்கர நாற்காலியில் அமர்த்தும்போது இரு கால்களும் கழிபோல் நீண்டு ஆளையே கீழே தள்ளிவிடும். தொடைகள் கத்தரிக்கோல் போல ஒன்றையொன்று பின்னிக்கொள்ளும். இரவில் பாதம் தானாக உதறி உறக்கத்தைக் கெடுக்கும். வீட்டார் இதனைக் கண்டு, கால் பிழைத்துவிட்டது என்று மகிழ்ந்து, பின்பு உண்மை தெரிந்து மனம் ஒடிவதும் உண்டு. மருத்துவம் இதனைத் தசைவிறைப்பு என்கிறது.

இவ்விறைப்பின் வேர் எங்கே இருக்கிறது என்ற வினாவுக்கு முதல் தெளிவான விடை இங்கிலாந்தின் லிவர்பூலில் கிடைத்தது. சார்லஸ் ஷெரிங்டன் 1898இல் பூனையின் மூளைத்தண்டை நடுவே துண்டித்துப் பார்த்தார். பூனையின் நான்கு கால்களும் தூண்போல் விறைத்து நின்றன. பின்னர் அக்காலிலிருந்து உணர்ச்சியை ஏந்தி வரும் பின்புற நரம்பு வேர்களை மட்டும் வெட்டினார். கட்டளையைக் கொண்டு செல்லும் முன்புற வேர்கள் முழுமையாக இருந்தும் கால் உடனே தளர்ந்துவிட்டது. தசை நீளும்போது எழும் செய்தி தண்டுவடத்துக்குள் சென்று, அங்கிருந்தே திரும்பி, அதே தசையை இறுகச் செய்கிறது. இந்தச் சுற்று மேலிருந்து வரும் அடக்குமுறை இல்லாதபோது கட்டுமீறிச் சுழல்கிறது. ஷெரிங்டனின் முடிவின் சாரம் இதுவே.

பூனையில் கண்டதை மனிதனுக்குக் கொண்டுவந்தவர் ஃபொர்ஸ்டர். 1908இல் பின்புற வேர்களை வெட்டி விறைப்பைத் தணிக்கும் அறுவை முறையை வெளியிட்டார். வேடிக்கை என்னவென்றால், அவர் அப்போது அறுவை மருத்துவர் அல்லர், நரம்பியலாளர். தாமே கத்தியை எடுத்தது பிற்பாடு, முதல் உலகப் போர் நடந்த ஆண்டுகளில்தான். (லெனினின் இறுதி நோயின்போது மாஸ்கோவில் அவருக்கு மருத்துவம் பார்த்தவரும் இவரே.) அந்த அறுவையில் கால் தளர்ந்தது, ஆனால் உணர்ச்சியும் அதனுடன் போயிற்று. முற்றிலும் முறிந்தவருக்கு அது இழப்பன்று. பாதி முறிந்து, பாதி உணர்வுடன் இருந்தவருக்கு அது பேரிழப்பு.

இங்கே ஓர் எண்ணம் வேரூன்றிவிட்டது. கால் விறைப்பது தண்டுவடத்தின் வேலை. மூளைக்கும் அதற்கும் இடையிலான தொடர்பு அறுந்துவிட்டதால்தான் அது நேர்கிறது. அறுந்துபோன பின் மூளைக்கு இதில் பங்கில்லை. 1917இல் லண்டனில் ஹென்றி ஹெட்டும் ஜார்ஜ் ரிடாக்கும் போரில் தண்டுவடம் துண்டிக்கப்பட்ட வீரர்களை ஆராய்ந்து எழுதியவையும் இவ்வெண்ணத்தையே உறுதிப்படுத்தின. பாதத்தைக் கீறினால் கால்கள் மடங்குவதும், வியர்வை பெருகுவதும், சிறுநீர் வெளியேறுவதும் ஒருசேர நிகழ்வதை அவர்கள் கண்டனர். துண்டான தண்டுவடம் செத்துவிடவில்லை, தனக்கென ஒரு வாழ்வு வைத்திருக்கிறது என்பது அன்று புதிய செய்தி. மேலே இருக்கும் மூளைக்கு என்ன நேர்கிறது என்று எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், மண்டையோட்டைத் திறவாமல் பார்க்க அன்று வழியுமில்லை.

அதே 1917இல், மேல் சைலீசியாவின் கோனிக்ஷ்யூட்டே நகர மருத்துவமனை ஒன்றில் ஏவலாளாக இருந்த பதினெட்டு வயது இளைஞன், முதுகெலும்பு முறிந்து வந்த சுரங்கத் தொழிலாளி ஒருவரைக் கண்டான். இவர் சில வாரங்களில் இறந்துவிடுவார், குறிப்பு எழுதவும் வேண்டா என்று பெரியவர்கள் சொல்லிவிட்டனர். அவ்வாறே அவர் இறந்தார். அவ்விளைஞனே லுட்விக் குட்மன். பின்னர் பிரெஸ்லாவில் ஃபொர்ஸ்டரிடம் பயின்று அவருடைய முதன்மை உதவியாளராக உயர்ந்தார். யூதர் என்பதற்காக 1933இல் நாஜி அரசு அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. 1939இல் குடும்பத்தோடு இங்கிலாந்து சேர்ந்தார். அங்கே ரிடாக்கின் அழைப்பை ஏற்று, 1944 பிப்ரவரி 1 அன்று ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடக் காயப் பிரிவைத் தொடங்கினார்.

குட்மன் செய்த புரட்சி அறுவைக் கூடத்தில் நிகழ்ந்ததன்று; படுக்கையில் நிகழ்ந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவும் பகலும், நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்பது அவருடைய கட்டளை. படுக்கைப்புண் ஒழிந்தது, சிறுநீர்த் தொற்று குறைந்தது. இவற்றோடு தசைவிறைப்பும் தணிந்தது என்பதுதான் நம் கதைக்கு வேண்டிய செய்தி. உணர்வில்லாத உடம்பில் ஒரு புண், ஒரு கல், நிரம்பிய சிறுநீர்ப்பை, ஏன், சதையோடு வளர்ந்த கால்நகம்கூட விறைப்பை மூட்டிவிடும். நோயாளியால் உணர முடியாத வலியைக் கால் உதறித் தெரிவிக்கிறது. இதை அறிந்தவர்கள் விறைப்பைக் கண்டவுடன் மருந்தைத் தேடுவதில்லை. முதலில் காரணத்தைத் தேடுவர். 1948 ஜூலை 29 அன்று பதினாறு பேருடன் குட்மன் அங்கே தொடங்கிய வில்வித்தைப் போட்டி, பிற்காலத்தில் பாராலிம்பிக் விளையாட்டாக வளர்ந்ததை உலகம் அறியும்.

ஃபொர்ஸ்டரின் இரண்டாவது பணி வேறொரு மாணவர் வழியாகக் கடல் கடந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் ஷெரிங்டனிடம் பயின்றிருந்த வைல்டர் பென்ஃபீல்ட் 1928இல் பிரெஸ்லாவுக்கு வந்து ஃபொர்ஸ்டருடன் பணியாற்றினார். பின்பு கனடாவின் மாண்ட்ரியலில் 1934இல் நரம்பியல் நிறுவனம் கண்டு, 1937இல் எட்வின் போல்ட்ரியுடன் சேர்ந்து, புகழ்பெற்ற மூளை மனிதன் படத்தை வெளியிட்டார். பெருமூளைப் புறணியின்மேல் கைக்கும் உதட்டுக்கும் பெரிய இடம். உடலுக்குச் சிறிய இடம். கால்களோ உச்சியில், இரு அரைக்கோளங்களுக்கு நடுவிலுள்ள பிளவுக்குள் மடங்கித் தொங்குகின்றன. கால் முடங்கியவரின் மூளையில் அந்த இடம் என்ன ஆகும் என்ற வினா, இந்தப் படத்தைப் பார்த்த மாத்திரத்தில் எழுந்திருக்க வேண்டும். ஆனால் பென்ஃபீல்ட் பார்த்தவர்கள் வலிப்பு நோயாளிகள்; குட்மன் பார்த்தவர்கள் தண்டுவடம் முறிந்தவர்கள். பிரெஸ்லாவில் ஒரே கூரையின்கீழ் இருந்த கல்வி இரண்டு நாடுகளில், இரண்டு துறைகளாகப் பிரிந்துவிட்டது.

பென்ஃபீல்டின் கிளை தமிழ்நாட்டையும் தொட்டது. மாண்ட்ரியலில் அவரிடம் பயிற்சி பெற்ற ஜேக்கப் சாண்டி 1949இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையை அமைத்தார். ஐந்தாண்டுகள் கழித்து, 1954 ஜனவரியில், அதே கல்லூரியின் இளம் மருத்துவர் மேரி வர்கீஸ் வண்டி விபத்தொன்றில் தண்டுவடம் முறிந்து இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்யக் கற்றார். ஆஸ்திரேலியாவின் பெர்த்திலும் பின்னர் நியூயார்க்கிலும் மறுவாழ்வுப் பயிற்சி பெற்றார். 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. தண்டுவடம் முறிந்தவர் நோயாளியாக மட்டுமே இருக்க வேண்டும் என்பதில்லை, அந்நோய்க்கு மருத்துவராகவும் இருக்கலாம் என்பதைத் தமிழகம் தன் கண்ணால் கண்டது அப்போதுதான்.

இதற்கிடையே விறைப்புக்கான வைத்தியம் கடுமையாகவே இருந்தது. பாஸ்டனில் டொனால்ட் மன்ரோ 1945இல் முன்புற வேர்களையே வெட்டும் முறையை முன்வைத்தார். தண்டுவடத்தைச் சூழ்ந்த நீரில் ஆல்கஹாலையும், 1959 முதல் பீனாலையும் செலுத்தி நரம்பு வேர்களைப் பொசுக்கினர். கால் தளர்ந்தது, தசை சூம்பிற்று, சிறுநீர்ப்பை, மலக்குடல் ஆகியவற்றின் அனிச்சைச் செயலும் பலவேளைகளில் உடன்போயிற்று. திரும்பப் பெற வழியில்லை. விறைப்பை அளந்த முறையும் எளியது. 1964இல் பிரையன் ஆஷ்வொர்த் வகுத்த அளவுகோலில் பூச்சியம் முதல் நான்கு வரை மதிப்பெண். அளக்கும் கருவி மருத்துவரின் கை. காலை மடக்கி நீட்டி, எவ்வளவு முரண்டுகிறது என்று கை சொல்வதை எழுதிக்கொள்ள வேண்டியதுதான். சிறு திருத்தத்துடன் அது இன்றும் புழக்கத்தில் உள்ளது. மூளைக்கு அந்த அளவுகோலில் ஒரு கட்டம்கூட இல்லை.

மூளை இக்கதைக்குள் முதன்முதலில் நுழைந்தது தொல்லையாகத்தான். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சீபா நிறுவனத்தின் வேதியியலாளர் ஹைன்ரிஷ் கேபர்லே 1962இல் பாக்லோஃபென் என்னும் மருந்தை உருவாக்கினார். மூளையின் அடக்கும் வேதிப்பொருளான காபாவின் சாயலில், வலிப்பு நோய்க்கென்று செய்யப்பட்ட மருந்து அது. வலிப்புக்கு அது உதவவில்லை; ஆனால் விறைத்த தசைகளைத் தளர்த்தியது. எந்தப் பூட்டை அச்சாவி திறக்கிறது என்பதோ, நார்மன் பௌவரியும் குழுவினரும் 1980-81இல் காபா-பி என்னும் ஏற்பியை இனங்காணும் வரை தெரியவில்லை. மாத்திரையாக விழுங்கினால் அது உடல் முழுதும் பரவும். தண்டுவடத்துக்குச் சேர்வது சிறு பங்கே. அளவைக் கூட்டினால் கால் தளர்வதற்கு முன் தலை மயங்கும். மயக்கம், சோர்வு, கவனச் சிதறல் ஆகியன நோயாளிகள் பலரும் சொன்ன குறை. கால் இயங்காதவருக்கு எஞ்சியிருக்கும் பெரிய செல்வம் தெளிந்த அறிவு. காலுக்காக அதைக் கொடுப்பதா என்ற தயக்கம் நியாயமானதே.

சிகாகோவில் ரிச்சர்ட் பென்னும் ஜெஃப்ரி க்ரோயினும் 1984இல் இதற்கொரு மாற்று வழி கண்டனர். வயிற்றுத் தோலின்கீழ் பம்பு ஒன்றைப் புதைத்து, மெல்லிய குழாய் வழியே மருந்தை நேராகத் தண்டுவட நீரில் சொட்டவிட்டனர். மாத்திரை மில்லிகிராமில் அளக்கப்படுவது, இதுவோ மைக்ரோகிராமில். ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு போதுமானதாயிற்று. அமெரிக்க அரசு 1992இல் இம்முறையை ஏற்றது. காலுக்கு மருந்து, மூளைக்கு விடுதலை என்று தோன்றிற்று. ஆனால் பம்பு நின்றாலோ குழாய் மடங்கினாலோ நடப்பது வேறு. விறைப்பு பன்மடங்காகத் திரும்புவதுடன் மனக்குழப்பம், இல்லாததைக் காணல், வலிப்பு, கடுங்காய்ச்சல் ஆகியவை எழும், உயிருக்கே ஆபத்தாகலாம். 2002இல் இதுபற்றிக் கட்டமிட்ட எச்சரிக்கை சேர்க்கப்பட்டது. முதுகில் சொட்டும் மருந்தை நிறுத்தினால் தலையில் புயல் அடிக்கிறதென்றால், மூளைக்கும் தண்டுவடத்துக்கும் இடையே எல்லாம் அறுந்துவிட்டது என்ற பழைய கூற்றை எப்படி அப்படியே ஏற்பது?

அக்கூற்றில் வேறொரு புதிரும் இருந்தது. கடிவாளம் அறுந்த குதிரை அக்கணமே ஓட வேண்டும். தண்டுவடம் முறிந்த பின் கால்கள் பல வாரங்கள் ஏன் படுத்துக் கிடக்கின்றன? அடக்குமுறை நீங்கியதே விறைப்புக்குக் காரணம் எனில் இந்தத் தாமதம் ஏன்? 2010இல்தான் இதற்கு நம்பத்தகுந்த விடைகள் கிடைத்தன. இயக்க நரம்பணுக்கள் துடிப்புடன் இருக்க, மூளைத்தண்டிலிருந்து செரட்டோனின் என்னும் வேதிப்பொருள் வந்துகொண்டிருக்க வேண்டும். காயத்தால் அவ்வரவு நின்றதும் அணுக்கள் சோர்ந்து கிடக்கின்றன. சில வாரங்களில் அவற்றின் செரட்டோனின் ஏற்பிகளுள் ஒருவகை, செரட்டோனின் வாராமலேயே தாமாக இயங்கத் தொடங்கிவிடுகிறது என்று கனடாவின் டேவிட் பென்னட் குழுவினர் எலிகளில் காட்டினர். அதே ஆண்டில் பிரான்சின் மார்செய் நகரில் லோரான் வினே குழுவினர், காயத்துக்குப்பின் நரம்பணுவிலுள்ள குளோரைடு வெளியேற்றும் புரதம் குறைவதால், அடக்க வேண்டிய செய்தி தன் வலுவை இழப்பதைக் கண்டனர். ஆக, விறைப்பு என்பது வெறும் கட்டவிழ்தல் அன்று. மூளையிடமிருந்து வாராத சொல்லைத் தண்டுவடம் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளப் பழகியதன் விளைவும் ஆகும்.

தண்டுவடம் பழகிக்கொண்டது போலவே மூளையும் ஏதேனும் செய்திருக்க வேண்டும் அல்லவா? அதைக் காணும் கருவிகள் இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் கைக்கு வந்தன. 1985இல் ஷெஃபீல்டில் ஆண்டனி பார்க்கர், தலைமேல் காந்தச் சுருள் வைத்து, வலியின்றிப் புறணியைத் தூண்டிக் காட்டினார். 1990இல் செய்ஜி ஒகாவா இரத்தத்தின் ஆக்சிஜன் வேறுபாட்டைக் கொண்டு மூளை வேலை செய்யும் இடத்தைப் படமெடுக்கும் முறைக்கு அடிகோலினார். பென்ஃபீல்ட் மண்டையோட்டைத் திறந்து கண்டதை இனித் திறவாமலே காணலாம்.

கண்டவை வியப்பூட்டின. கைகால் இயங்காதோரிடம், இல்லாத அசைவை முயலச் சொன்னபோது, புறணியில் அந்தந்த உறுப்புக்கு உரிய இடமே பெரும்பாலும் விழித்துக்கொண்டது என்று 2001இல் ஓர் அமெரிக்கக் குழு அறிவித்தது. சூரிச்சில் ஆர்மின் கர்ட், ஹாத்தெம் அல்காதி முதலியோர் 2002இலும் 2005இலும் வெளியிட்டவை இதற்கு மேலும் சென்றன. கால்கள் மட்டும் செயலிழந்தவரின் மூளையில் கைக்கு உரிய செயற்பாடும் மாறியிருந்தது. பாதத்தை அசைப்பதாக மனத்தில் எண்ணிய அளவிலேயே முதன்மை இயக்கப் பகுதி, நலமுள்ளோரைவிட வலுவாக இயங்கியது. 2013இல் பாட்ரிக் ஃப்ராய்ண்ட் குழுவினர், காயமடைந்த சில மாதங்களுக்குள்ளேயே மூளையின் அமைப்பு மெலியத் தொடங்குவதைப் படங்களில் அளந்தனர். காலின் இடம் காலியாகவும் இல்லை, முன்போலவும் இல்லை.

இன்னொரு செய்தியும் இங்கே சேர்கிறது. முற்றிலும் முறிந்ததாகக் கருதப்பட்டோரில் பலரிடம், மூளையின் மெல்லிய ஆதிக்கம் காயத்தைத் தாண்டிக் கீழே இறங்குவதை மிலான் டிமித்ரியெவிச் 1980களிலேயே தசை மின்பதிவுகளால் காட்டியிருந்தார். கால் அசையாது, ஆனால் விறைப்பின் போக்கை அந்த எஞ்சிய இழைகள் மாற்றும். இழை இருக்குமானால் வழி இரண்டு திசைகளிலும் திறந்திருக்கலாம். காலைத் தளர்த்தினால் மேலே செல்லும் செய்தி மாறும். மூளையைத் தொட்டால் கீழே உள்ள விறைப்பு மாறும்.

முதல் திசைக்குச் சான்று தேடும் ஆய்வுகள் இன்னும் சிறியவையே. செக் நாட்டின் ஓலமௌட்ஸ் நகரில், பக்கவாதத்தால் விறைத்த கைகளில் போட்டுலினம் நச்சு மருந்தைச் செலுத்தி, முன்னும் பின்னும் மூளைப் படமெடுத்தனர். 2010இல் வெளியான அவ்வாய்வின்படி, மருந்து ஊசி தசையில் மட்டுமே இடப்பட்டது. மாற்றமோ புறணியின் செயற்பாட்டிலும் தென்பட்டது. ஆனால் அது பக்கவாதம்; காயம் மூளையிலேயே உள்ளது. அதனைத் தண்டுவடக் காயத்துக்கு அப்படியே பொருத்துவது அவசர முடிவாகும். தண்டுவடம் பாதி முறிந்தோரில் பாக்லோஃபென் உண்போரையும் உண்ணாதோரையும் மோனிகா பெரெஸ் குழுவினர் காந்தத் தூண்டலால் ஒப்பிட்டு 2013இல் வெளியிட்டனர். கைத்தசையை இறுக்கும்போது காபா-பி வழி அடக்கம் மாறும் விதத்தில் இரு சாராரும் வேறுபட்டனர். காலுக்கும் கைக்கும் என்று உண்ணப்படும் மாத்திரை, மூளையின் அடக்கும் சுற்றுகளிலும் தன் சுவடைப் பதிக்கிறது என்று கொள்ள இது இடம் தருகிறது. அந்தச் சுவடு மீளப் பயில்வதற்குத் துணையா தடையா என்பதே மறுவாழ்வு நிலையங்களில் இன்று எழும் வினா. நடை பயில வேண்டியவர் பயிற்சிக்கு முன் விழுங்கும் மாத்திரை, அவருடைய காலைத் தளர்த்துவதோடு, கற்க வேண்டிய மூளையையும் அடக்கிவிடுமானால் என் செய்வது? மருந்தின் அளவு மட்டுமன்று, நேரமும் இங்கே கணக்கில் வருகிறது.

இரண்டாம் திசையில் கிடைத்த சான்று பார்சலோனாவிலிருந்து வந்தது. 1965இல் தொடங்கப்பட்டு லுட்விக் குட்மன் பெயரையே தாங்கும் நிலையத்தில், ஹதீஜே கும்ரு குழுவினர், தண்டுவடம் பாதி முறிந்தோரின் உச்சந்தலைமேல் காந்தச் சுருளை வைத்தனர். பென்ஃபீல்ட் தம் படத்தில் கால்களைத் தொங்கவிட்ட அதே இடம். காலைத் தொடவில்லை, மருந்தும் புதிதாகத் தரவில்லை. நாளுக்கு ஒருமுறை, ஐந்து நாட்கள் தூண்டினர். கால்களின் விறைப்பு குறைந்தது. தூண்டலை நிறுத்தி ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோதும் குறைவு நீடித்தது. ஆய்வு 2010இல் வெளியாயிற்று. அளந்தது பெரும்பாலும் ஆஷ்வொர்த்தின் கை அளவுகோலைத் தழுவிய மதிப்பெண்களால்தான் என்பதையும் சொல்ல வேண்டும்.

இழை ஏதும் எஞ்சாதவருக்குச் சுருளால் பயனில்லை. அவருக்கு இன்றும் பம்பும் மாத்திரையும் நாள்தோறும் கால்களை மடக்கி நீட்டும் பயிற்சியுமே துணை. பம்பை வெளியிலிருந்து ஒரு சிறு கருவியால் திருத்தி, இரவுக்கு ஓர் அளவும் பகலுக்கு ஓர் அளவும் அமைக்க முடியும். விறைப்பை முற்றாகப் போக்க வேண்டா என்று கேட்டுக்கொள்வோரும் உண்டு. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறும் அந்த அரை நிமிடம், விறைத்த காலை ஊன்றித்தான் அவர்கள் எழுந்து நிற்கிறார்கள். எத்தனை மைக்ரோகிராம் என்பதை அவர்கள் சொல்ல, மருத்துவர் எழுதிக்கொள்கிறார்.